இயந்திரத்தைக் காணாமல் எழுதியவர்கள்

நான் ப்ரோகிராம் எழுத ஆரம்பித்து நான்கு மாதம் கழித்துத்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். இப்போது என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. "அப்ப நாலு மாசம் என்ன சார் பண்ணீங்க?" என்கிறார்கள். எழுதிக்கொண்டுதான் இருந்தோம். கோடு போடாத வெள்ளைத் தாளில், பேனாவால்.

1992. பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருடம். மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரி. மொத்தக் கல்லூரிக்கும் ஒரே கம்ப்யூட்டர் அறை, அதில் நான்கு மெஷின். அந்த வளாகத்தில் ஏ.சி. இருந்த ஒரே அறையும் அதுதான். முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று செருப்பை வெளியே கழற்றச் சொல்வார்கள். கிட்டத்தட்ட கோயில் மாதிரி. எங்களுக்கு முதல் நான்கு மாதம் வெளிப் பிராகாரத்தோடு சரி. தியரி முடியட்டும், அப்புறம் உள்ளே விடலாம் என்பது ஏற்பாடு.

பாடம் ஃபோர்ட்ரான் 77. நிரல், நிரலாக்கம் போன்ற சொற்கள் எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது வந்து சேரவில்லை. ப்ரோகிராம்தான். ஃபோர்ட்ரானில் ஒரு விநோதமான சட்டம் உண்டு. ஒரு வரியின் முதல் ஐந்து கட்டங்கள் வரி எண்ணுக்கு. ஆறாவது கட்டம், முந்தைய வரி முடியாமல் நீள்கிறது என்று காட்டுவதற்கு. கட்டளை ஏழாவது கட்டத்தில்தான் தொடங்க வேண்டும், 72-க்குள் முடிய வேண்டும். நாங்கள் ஸ்கேல் வைத்து பென்சிலால் கட்டம் போட்டு, ஏழாவது கட்டத்திலிருந்து எழுதுவோம். ஏன் ஏழு, ஏன் 72 என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். "ரூல் அப்படி" என்றார் சார். அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஃபோர்ட்ரான் 1957-இல் ஐபிஎம் 704 என்ற மெஷினுக்காக வந்தது. ப்ரோகிராமைத் துளையிட்ட அட்டைகளில்தான் கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் 80 பத்திகள் இருக்கும். ஆனால் 704-இன் அட்டை படிக்கும் கருவி 72 பத்திகளைத்தான் படிக்கும், ஏனென்றால் அந்த மெஷினின் ஒரு 'சொல்' 36 பிட் நீளம். இரண்டு சொல் சேர்ந்தால் 72. மிச்சம் எட்டுப் பத்தியில் அட்டைக்கு வரிசை எண் போட்டுக்கொள்வார்கள், கீழே கொட்டிவிட்டால் திரும்ப அடுக்க. ஆக, நாங்கள் யாரும் கண்ணால் பார்த்தே இராத ஒரு அட்டையின் ஓரத்தைத்தான் 35 வருடம் கழித்து மதுரைப் பக்கம் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டிருந்தோம்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் மேஜை போட்டு ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். லேப் அசிஸ்டென்ட். செருப்பை வரிசையாக விடச் சொல்வது, ஃப்ளாப்பியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, ஏ.சி.யைப் போட்டு அணைப்பது எல்லாம் அவர் வேலை. உள்ளே போக அனுமதி கிடைத்த பிறகும், எழுதிய தாளை அவரிடம் காட்டாமல் போக முடியாது. ஒரு மெஷினுக்கு ஆறு பேர், வாரத்தில் ஒரு மணி நேரம். ஓடாத ப்ரோகிராமைத் தட்டிக்கொண்டிருந்தால் மற்ற ஐந்து பேரின் நேரமும் போச்சு. அதனால் அவர் தாளை வாங்கி, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். "இது ஓடாது தம்பி. போய் மறுபடி பாரு."

என் மூன்றாவது ப்ரோகிராம் ஐந்து மார்க்குகளின் சராசரி காண்பது. கூட்டுத்தொகை 339. சராசரி 67.8 வர வேண்டும். சராசரிக்கு நான் வைத்த பெயர், ஆங்கிலத்தில் எம், ஈ, ஏ, என். மீன். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓடும். ஆனா உன் மீனுக்கு வால் வெட்டுப்பட்டுரும், பரவாயில்லையா?"

எனக்குப் புரியவில்லை. ஃபோர்ட்ரானில் ஐ முதல் என் வரையிலான ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் எல்லாம், நாம் வேறு மாதிரி அறிவிக்காவிட்டால், முழு எண்கள். எம்-இல் தொடங்கும் என் மீன் முழு எண். புள்ளிக்குப் பின்னால் வருவதை மெஷின் சத்தமில்லாமல் வெட்டிவிடும். விடை 67. தப்பு என்றும் சொல்லாது. அக்கா பென்சிலை எடுத்து 'எம்'மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் இந்தச் சட்டத்தை மூன்று நாள் நடத்தியிருந்தார்கள். எனக்கு அது விளங்கியது அந்த வட்டத்தில்தான்.

*

இதெல்லாம் ஞாபகத்தின் அடியில் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் ஜீன் ஜென்னிங்ஸ் பார்டிக் என்ற அமெரிக்கப் பெண்மணியின் நினைவுக்குறிப்பைப் படித்தபோதுதான் மேலே வந்தது. எனியாக் என்ற மெஷினுக்கு முதன்முதலில் ப்ரோகிராம் எழுதிய ஆறு பெண்களில் ஒருவர் அவர். அவரும் அவரது தோழிகளும் ப்ரோகிராம் எழுதக் கற்றது கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வெளியே! உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இல்லை. எங்களைத் தடுத்தது தூசி, அவர்களைத் தடுத்தது ராணுவ ரகசியம்.

உலகின் முதல் ப்ரோகிராமர் யார் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. 1843-இல் ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும். எனக்கு ஆர்வம் வேறு. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், புத்தகம் இல்லாமல், அந்த வேலைக்கு ஒரு பெயர்கூட நிலைக்காத காலத்தில் ஒருவர் அதை எப்படி ஆரம்பித்திருப்பார்?

இரண்டாம் உலகப்போர் சமயம். ஒரு பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே போய் விழும் என்பதற்கு வீரர்கள் கையில் ஒரு அட்டவணை இருக்கும். காற்று, வெப்பம், குண்டின் எடை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்ட அட்டவணை. ஒரே ஒரு குண்டின் பாதையை மேஜைக் கணக்குப் பொறியை வைத்துப் போட ஒருவருக்கு முப்பது நாற்பது மணி நேரம் ஆகும். ஒரு அட்டவணைக்கு அப்படி ஆயிரக்கணக்கான பாதைகள் வேண்டும். அமெரிக்க ராணுவம் ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், இதற்காகக் கணிதம் படித்த பெண்களைத் திரட்டியது. 1945 வாக்கில் ஏறக்குறைய 80 பேர். அவர்களுடைய பதவியின் பெயரே கம்ப்யூட்டர். கணக்கிடுபவர். மெஷினுக்கு அந்தப் பெயர் வருமுன் அது மனிதர்களின் பெயராக இருந்தது.

அவர்களில் ஒருவர் கே மக்நல்ட்டி. 1921-இல் அயர்லாந்தின் டோனகல் பகுதியில் பிறந்தவர். அவர் பிறந்த இரவிலேயே, விடுதலைப் போராட்டத்தில் இருந்த அப்பாவைக் கைது செய்துவிட்டார்கள். மூன்று வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தபோது கேவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஐரிஷ் மொழி மட்டும்தான். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கத் தோன்றியது. 1942-இல் செஸ்ட்நட் ஹில் கல்லூரியில் படிப்பு முடித்தார். 92 பேர் கொண்ட வகுப்பில் கணிதம் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடித்த கையோடு நாளிதழில் கணிதம் படித்த பெண்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, தோழி ஃப்ரான்சஸ் பைலஸோடு போய்ச் சேர்ந்தார். சம்பளம் வருடத்துக்கு 1620 டாலர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு காரணத்துக்காகத் திரும்ப வரும்.

பெட்டி ஸ்னைடர் கதை வேறு. கணிதம் படிக்க ஆசைப்பட்டுப் பல்கலைக்கழகம் போனார். முதல் நாள் வகுப்பிலேயே பேராசிரியர், நீ வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தால் என்ன என்கிற ரீதியில் கேட்டுவிட்டார். பெட்டி இதழியலுக்கு மாறிப் பட்டம் வாங்கினார். போர் வந்து ஆண்கள் எல்லாம் போன பிறகு அதே நாட்டுக்கு அவருடைய கணிதம் தேவைப்பட்டது.

ஜீன் ஜென்னிங்ஸ் மிசூரி மாநிலத்தின் விவசாயக் குடும்பம். 1945-இல் கணிதப் பட்டம் வாங்கியதும் ஊரில் எல்லோரும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவர் ராத்திரி ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய்விட்டார். சேர்ந்த கொஞ்ச நாளில் புது மெஷின் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனார். அங்கே ராணுவ அதிகாரி ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டாராம். ஜீன் படித்த இயற்பியல் சூத்திரத்தைச் சொல்ல ஆரம்பிக்க, அவர் நிறுத்தி, அது இல்லை, மின்சாரம் என்றால் பயமா என்று கேட்டாராம். பயமில்லை என்றதும் எடுத்துக்கொண்டார்கள். ப்ரோகிராமர் வேலைக்கான முதல் நேர்காணல்களில் ஒன்று இப்படித்தான் நடந்திருக்கிறது.

கே, ஃப்ரான்சஸ், பெட்டி, ஜீன் ஆகியோரோடு மார்லின் வெஸ்காஃப், ரூத் லிக்டர்மன். ஆறு பேர். மேரிலாந்தில் ராணுவத்தின் அபர்டீன் தளத்துக்கு அனுப்பி, ஐபிஎம் அட்டை இயந்திரங்களில் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் கையில் பெரிய பெரிய தாள்களைக் கொடுத்தார்கள். எனியாக்கின் ஒவ்வொரு பகுதியும் எப்படி இணைகிறது என்று காட்டும் கட்ட வரைபடங்கள். இதைப் படித்து மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள், பிறகு அதை எப்படி வேலை வாங்குவது என்றும் கண்டுபிடியுங்கள். இதுதான் சிலபஸ்.

*

எனியாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவர்கள் செய்தது என்ன என்று தெரியும். 40 பெரிய அலமாரிகள், ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. நொடிக்கு 5,000 கூட்டல் போடும். ஆனால் ப்ரோகிராம் என்று ஒன்றை உள்ளே 'எழுத' முடியாது. எழுதி வைக்க இடமே கிடையாது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் அரைக்க, ஒருவர் தாளிக்க. தலைமைச் சமையல்காரர் யாரும் இல்லை. சமையல் குறிப்பும் சுவரில் எழுதியில்லை. ஒருவர் தன் வேலையை முடித்ததும் கை தட்டுகிறார், அந்தத் தட்டலைக் கேட்டு அடுத்தவர் ஆரம்பிக்கிறார். யார் தட்டினால் யார் ஆரம்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் சமையல் குறிப்பு. எனியாக் அப்படித்தான். அதில் எண்களைப் பிடித்து வைத்துக் கூட்டுகிற 20 அக்யுமுலேட்டர்கள் உண்டு, ஒவ்வொன்றும் பத்து இலக்கம். பெருக்கத் தனிப் பகுதி, வகுக்கவும் வர்க்கமூலம் காணவும் சேர்த்து இன்னொரு பகுதி. ஒன்று தன் வேலையை முடித்ததும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். கேபிளை எங்கே செருகுகிறோமோ, அங்கே அடுத்த வேலை தொடங்கும். ப்ரோகிராம் என்பது கேபிள்களும் சுவிட்சுகளும்தான். ஒரே நேரத்தில் பல பேர் கை தட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால், எந்தத் துடிப்பு எத்தனையாவது கூட்டல் நேரத்தில் எங்கே வரும் என்று தாளில் கணக்கு வைக்க வேண்டும். ஒரு கூட்டல் நேரம் நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

இதையெல்லாம் ஆறு பேரும் காகிதத்திலிருந்து கற்றார்கள். சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லை. ஒரு நாள் அவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் ஒருவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாராம். மேலே கட்டட வேலை நடக்கிறது, கூரை இடிந்து விழுகிறதா என்று பார்க்க வந்தேன் என்றாராம். அவர்தான் ஜான் மாக்லி, எனியாக்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். விட்டால் போய்விடுவார் என்று பிடித்து உட்காரவைத்து, இந்த அக்யுமுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். ஜீன் இதை எழுதியிருப்பதில் ஒரு நிம்மதி தெரிகிறது. சந்தேகம் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி. மாக்லிக்கும் கற்றுக்கொடுக்கப் பிடிக்கும். அதன் பிறகு அவரிடம் போய்க் கேட்பது வழக்கமானது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆட்கள் மார்லினும் ரூத்தும். ஜீனும் பெட்டியும் குண்டுப்பாதைக் கணக்கை எனியாக்குக்கு அமைத்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் உட்கார்ந்து அதே கணக்கைக் கையால் போட்டார்கள். சாதாரணமாக அல்ல, மெஷின் எப்படிப் போடுமோ அப்படியே. ஒவ்வொரு படியிலும் எந்த இடத்தில் என்ன எண் நிற்கும் என்று எழுதி வைத்தார்கள். மெஷின் ஓடும்போது எங்காவது எண் மாறினால், தப்பு அங்கே. இரண்டு பேர் தங்களையே மெஷினாக்கிக்கொண்டார்கள். எங்கள் கல்லூரியில் இதற்கு 'ட்ரை ரன்' என்று பெயர். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி போட்டு, வரி வரியாக மதிப்பை எழுதிக்கொண்டே வருவோம். மெஷின் இல்லாத கொடுமைக்கு ஒரு மாற்று என்றுதான் அப்போது நினைத்தோம்.

அவர்கள் வேலையிலிருந்து வந்த ஒரு சொல் இன்றைக்கும் எல்லா ப்ரோகிராமர்கள் வாயிலும் இருக்கிறது. பிரேக் பாயின்ட். ப்ரோகிராமை ஓரிடத்தில் நிறுத்தி என்ன நடக்கிறது என்று பார்க்க, எனியாக்கில் அந்த இடத்துக் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். துடிப்பு போகாது, மெஷின் நிற்கும். நிஜமாகவே உடைத்த இடம்.

*

மெஷின் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. எனியாக்கில் முதலில் ஓடிய பெரிய கணக்கு பீரங்கிக் கணக்கு அல்ல. 1945 டிசம்பரில் லாஸ் அலமோஸிலிருந்து வந்த ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு. ஏறக்குறைய பத்து லட்சம் அட்டைகள். இந்த ஆறு பேரைப் பற்றிக் கொண்டாட்டமாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஹிரோஷிமா நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தாண்டிப் போக என்னால் முடியவில்லை, அதற்காக அவர்கள் மீது கோபமும் வரவில்லை. கேபிள் செருகுகிறவர்களுக்குக் கணக்கின் உள்ளடக்கம் சொல்லப்படவில்லை.

1946 பிப்ரவரி 15, பொதுமக்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மெஷினைக் காட்டுகிற நாள். ஜீனும் பெட்டியும் தயாரித்த குண்டுப்பாதைதான் அன்றைய முக்கியக் காட்சி. முந்தின இரவு வரை ஒரு தப்பு பிடிபடவில்லை. குண்டு மேலே போகிறது, வளைந்து கீழே வருகிறது, தரையைத் தொடுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. பூமிக்குள் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. பெட்டி ரயிலேறி வீட்டுக்குப் போனார், தூங்கினார். காலையில் நேராக வந்து, ஒரு சுவிட்சை ஒரு இடம் தள்ளி வைத்தார். குண்டு தரையில் நின்றது. பெட்டி தூங்கும்போது போடும் கணக்கு நாம் விழித்திருந்து போடுவதைவிட அதிகம் என்று ஜீன் பிற்பாடு சொல்வாராம்.

அன்று 30 நொடி பறக்கிற குண்டின் பாதையை எனியாக் 20 நொடியில் போட்டது. குண்டு விழுமுன் விடை வந்துவிட்டது. கூட்டம் அசந்துபோனது. இரவு பெரிய விருந்து. ஆறு பேரையும் யாரும் அழைக்கவில்லை. குளிரில் வீட்டுக்குப் போனார்கள்.

பத்திரிகைகளில் வந்த படங்களில் ஆண்களுக்குப் பெயர் இருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு இல்லை. 1980-களில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த கேத்தி க்ளைமன் அந்தப் படங்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டபோது, விளம்பரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிச் சிரிக்கும் மாடல்களைப் போல நிற்கவைத்தவர்கள் என்று ஒரு பதில் கிடைத்தது. அவர் நம்பாமல் தேடிப்போனார். அதனால்தான் இன்று எனக்கு இந்தப் பெயர்கள் தெரியும்.

*

அந்த மெஷினுக்கு ஒரு கையேடு கடைசியில் வரத்தான் செய்தது. 1946 ஜூனில், ஆறு பேரும் வேலையை ஆரம்பித்து ஒரு வருடம் கழித்து. அதில் ஒரு பகுதியை எழுதியவர் ஹெர்மனின் மனைவி அடேல் கோல்ட்ஸ்டைன், அவரும் கணிதக்காரர். இன்னொரு பகுதியை எழுதியவர் ஹாரி ஹஸ்கி. அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்திக்கொண்டே எனியாக்கில் பகுதிநேர வேலை பார்த்தவர்.

ஹஸ்கியைப் பின்தொடர்ந்து போனால் சுவாரசியமான இடங்களுக்குப் போய்ச் சேரலாம். 1947-இல் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கோடு வேலை செய்தார். பிறகு அமெரிக்காவில் தானே மெஷின்களை வடிவமைத்தார். பெர்க்லியில் பேராசிரியரானார், பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் அங்கே அவரிடம்தான் முனைவர் பட்டம் செய்தார். 1963-இல் எங்கே போனார் தெரியுமா? கான்பூருக்கு.

கான்பூர் ஐ.ஐ.டி.யை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வளர்த்துவிட்ட காலம். 1963 ஆகஸ்டில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை நிறுவி, கம்ப்யூட்டர் மையத்தை நிலைநிறுத்த வந்தவர்களில் ஹஸ்கியும் ஒருவர். மெஷினின் பெயர் ஐபிஎம் 1620. கேவின் முதல் சம்பளம். வெறும் தற்செயல்தான், ஆனாலும் முதலில் கவனித்த அன்று பக்கத்தில் இருந்தவரைத் தட்டிச் சொல்லவேண்டும் போல இருந்தது.

1620 ஒரு வேடிக்கையான மெஷின். அதன் முதல் மாடலுக்குக் கூட்டவே தெரியாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எண்சுவடி மாதிரி, அதன் நினைவகத்தில் ஒரு வாய்ப்பாடு இருக்கும். ஏழும் எட்டும் எவ்வளவு என்றால், வாய்ப்பாட்டில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்து எடுத்துக்கொண்டு வரும். தெரியாத்தனமாக ஒரு ப்ரோகிராம் அந்த வாய்ப்பாட்டின் மேல் எதையாவது எழுதிவிட்டால் அவ்வளவுதான், மெஷின் அதன் பிறகு தப்புத் தப்பாகக் கூட்டும். ஆனாலும் அதில் ஃபோர்ட்ரான் ஓடியது. பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் ப்ரோகிராமிங் பாடம் வந்தது. வெளியூர்களிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் குறுகிய கால வகுப்புகள் நடந்தன. ஊருக்குத் திரும்பியதும் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டர் இருக்காது, தாள்தான்.

அந்த வகுப்புகளை நடத்தியவர்களில் ஒருவர் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்து, டெல்லியில் படித்து, பெங்களூரு, எம்.ஐ.டி., விஸ்கான்சின் என்று போய்விட்டுக் கான்பூர் வந்தவர். 1965-இல் அங்கே கணினி அறிவியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்திய மாணவன் வாங்கும் விலையில் ஒரு புத்தகம் இல்லையே என்று, வகுப்புக் குறிப்புகளிலிருந்து ஃபோர்ட்ரான் புத்தகம் எழுதினார். 1969-இல் வெளிவந்தது. பிறகு மொழிகள் மாற மாற அவரும் எழுதிக்கொண்டே போனார். இந்தியாவில் என் வயதுக்காரர்கள் ப்ரோகிராமிங் ஆரம்பித்தது பெரும்பாலும் அவருடைய ஏதோ ஒரு புத்தகத்தில்தான். எங்கள் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஃபோர்ட்ரான் 77 ஒரே ஒரு பிரதி இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். நாங்கள் முறை வைத்துக் கையால் நகல் எடுத்தோம். அதில் ப்ரோகிராம்களை அவர் விளக்குகிற விதம், பக்கத்தில் மெஷின் இல்லாதவனுக்குச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

கையேடு இல்லாமல் கற்ற ஆறு பேர், அந்த மெஷினுக்குக் கையேடு எழுதிய ஹஸ்கி, ஹஸ்கி வந்த கான்பூர், கான்பூரில் பாடம் நடத்திய ராஜாராமன், அவர் புத்தகத்தைப் பார்த்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நாங்கள். இப்படி ஒரு கோடு வரையலாம் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கட்டுரையை அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி இந்த இடம் வந்தபோது, கோட்டில் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. லேப் அக்காவின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருடம் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எங்கே படித்தார், ஃபோர்ட்ரானை யாரிடம் கற்றார், ஒன்றும் கேட்டதில்லை. எங்களுக்குப் பாடம் நடத்திய சாரின் பெயரும், இனிஷியலும், அவர் வாங்கிய பட்டங்களும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேரின் ப்ரோகிராமை ஓட வைத்தவர் அக்கா. கூடப் படித்தவனுக்குப் போன் போட்டேன். "அந்த லேப் அக்காவா? செருப்பை ஒழுங்கா விடுங்கன்னு சத்தம் போடுமே, அதுதானே? பேரு... இருடா, யோசிக்கிறேன்." யோசித்தான். இன்னும் இரண்டு பேரைக் கேட்டான். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுப் பார்த்தோம். ஒருத்தி, அக்காவுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி என்றாள். கல்லூரிக் காலண்டரில் பேராசிரியர்கள் பட்டியல் உண்டு, அதில் லேப் அசிஸ்டென்ட் பெயர் போட மாட்டார்கள். துறையின் குரூப் போட்டோவிலும் அவர் இல்லை. அன்று அறையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று சொன்னதாக ஒருவன் ஞாபகப்படுத்தினான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பரணில் ஏறினேன். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. ரெக்கார்ட் நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு ப்ரோகிராமின் கீழும் சாரின் பச்சை மைக் கையெழுத்து, தேதியோடு. அதற்கு அடியில் ரஃப் நோட்டு. அட்டை போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஏழாவது கட்டத்தில் தொடங்குகிறது என் சராசரி. 'எம்'மைச் சுற்றிப் பென்சில் வட்டம் மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் வரைந்திருந்தார். வால் இல்லாமல்.